புனைபெயருக்கும் முகவரி உண்டு

எல்லயிலிருந்து லுணுகலை வரை, இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்த இளைஞர்கள் கவிதைக்கு, படத்துக்கு, பாட்டுக்கு, ரயிலுக்கு, பறவைக்கு என்று இணையத்தில் குழு குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். ‘சொந்தப் பெயரில் வா’ என்கிறது குழு. அந்தப் பெயரைச் சொல்ல அவர்கள் கொடுக்கும் விலை என்ன?

எல்ல ரயில் நிலையத்துக்கும் தெமோதரைக்கும் இடையில் நிற்கிறது ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடிக்கப்பட்டது; 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். பதுளை வண்டி வரும் நேரம் நெருங்கினால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதைகளில் கூட்டம் கூடிவிடும். வெளிநாட்டார் கையில் பெரிய கமெரா. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் கையில் கண்ணாடி கீறல் விழுந்த போன். வண்டி பாலத்தில் ஏறி வளைந்து போகும் அந்த ஒரு நிமிடத்தை இரண்டு தரப்பும் பிடித்துக்கொள்கிறது. வெளிநாட்டவர் தன் முழுப் பெயரோடு அதை இணையத்தில் போடுகிறார். தோட்டத்துப் பிள்ளையோ ஒரு மலையின் பெயரையோ மழையின் பெயரையோ பூவின் பெயரையோ போர்த்திக்கொண்டு போடுகிறது.

ரயில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு குழு, பறவை பார்ப்பவர்களுக்கு ஒன்று, பழைய பாட்டுச் சேகரிப்பவர்களுக்கு ஒன்று, கவிதை எழுதுகிறவர்களுக்கு எண்ணி மாளாத அளவு. பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் உள்ள இந்தக் குழுக்கள்தான் இன்று ஊவா இளைஞரின் வாசிகசாலை, இலக்கிய மன்றம், விளையாட்டுக் கழகம் எல்லாம். அவற்றில் பலவற்றின் வாசலில் ஒரே அறிவிப்பு: சொந்தப் பெயரும் சொந்தப் படமும் இல்லாத கணக்குகளுக்கு அனுமதி இல்லை. சில குழுக்களின் அட்மின்கள் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பவும் சொல்கிறார்கள்.

நல்ல எண்ணத்தோடு போட்ட விதிதான். போலிக் கணக்குகளால் பட்ட பாடு அப்படி. ஆனால் அந்த விதி வாசலில் யாரைத் தடுக்கிறது, யாரை உள்ளே விடுகிறது என்று நாம் நின்று பார்த்ததில்லை. தொல்லை கொடுக்க வருகிறவன் கண்ணியமான ஒரு பெயரையும் ஒரு படத்தையும் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிக்கொண்டு சுலபமாக உள்ளே போய்விடுகிறான். கூச்சமும் பயமும் உள்ள பிள்ளைதான் வெளியே நின்றுவிடுகிறது. மலையகத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது. பெயர் என்பது இந்த மலைகளில் என்றைக்குமே பாரம் மிகுந்த சரக்கு.

தோட்டத்தைத் தன் பெயரில் ஏற்றியவர்

பதுளை மாவட்டம் ஹாலிஎலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 பெப்ரவரி 16ஆம் திகதி ஒரு பிள்ளை பிறந்தது. வைத்த பெயர் ஜோசப். வளர்ந்து, அதே மாவட்டத்துத் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக வேலை பார்த்தார். எழுத வந்தபோது தான் வேலை பார்த்த அந்தத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். தெளிவத்தை ஜோசப் என்ற பெயர் அப்படிப் பிறந்தது.

‘காலங்கள் சாவதில்லை’ நாவல், ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதி, ‘குடை நிழல்’ என்று அந்தப் பெயர் வளர்ந்தது. மலையகச் சிறுகதையின் வரலாற்றை எழுதிவைத்ததும் அந்தப் பெயர்தான். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அந்தப் பெயரைத் தேடி வந்தது. 2022 ஒக்டோபரில் அவர் மறைந்தபோது கடல் கடந்த நாடுகளில் அஞ்சலி செலுத்தியவர்களில் பலருக்குத் தெளிவத்தை எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அப்படி ஒரு தோட்டம் இருக்கிறது, அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. தமிழ் இலக்கியத்தின் வரைபடத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஏற்றிவைத்தது அவர் தேர்ந்துகொண்ட பெயர். அரசாங்கப் பதிவில் இருந்த பெயரால் அது முடிந்திருக்காது.

அவர் தனி ஆள் இல்லை. சாரல் நாடன், குறிஞ்சி தென்னவன், தமிழோவியன், மொழிவரதன் என்று தாமே சூட்டிக்கொண்ட பெயர்களால் அறியப்பட்டவர்கள் இந்த மண்ணில் நிறையப் பேர். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், பதுளை சேனாதிராஜா என்று ஊரை முன்னால் நிறுத்தியவர்களும் உண்டு. 1960களில் வீரகேசரியின் தோட்டப் பகுதிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட எஸ். எம். கார்மேகம் மலையகத்தவருக்கென்றே சிறுகதைப் போட்டிகள் நடக்க முன்நின்றார். பரிசுபெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று நூலாயின. ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் அந்த வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தார்கள்.

அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் ஒரு விதி இருந்தது. இன்றும் பல பத்திரிகைகளில் இருக்கிறது. புனைபெயரில் எழுதலாம், ஆனால் அனுப்பும் பிரதியில் சொந்தப் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டாக வேண்டும். வாசகருக்குப் புனைபெயர், ஆசிரியருக்குச் சொந்தப் பெயர். எழுதியவர் அவமானப்படாமல் இருக்க ஒரு திரை. எழுதியதற்குப் பதில் சொல்ல ஒரு கதவு. இணையம் வந்தபோது நாம் தொலைத்தது இந்த ஏற்பாட்டைத்தான்.

செக்ரோலில் ஏறிய பெயர்

‘சொந்தப் பெயர்’ என்று நாம் இலேசாகச் சொல்கிறோம். தோட்டத்தில் அந்தச் சொந்தப் பெயரை எழுதியது யார்? வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டவர் கணக்கப்பிள்ளை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு முன்னால் ஓர் இலக்கம். பெயரைவிட அந்த இலக்கத்துக்குத்தான் மதிப்பு. கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப்பேர்தான் விழும். பாதி நாள் கூலிக்கு இன்றும் தோட்டத்தில் அதுதான் சொல்.

பிறப்புப் பதிவு அதைவிடச் சிக்கல். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பிள்ளையின் பெயர் தாயின் வாயிலிருந்து கிளம்பி, தோட்டத்து அலுவலகத்தின் வழியாகப் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். இடையில் எத்தனை காது, எத்தனை பேனா, எத்தனை மொழி! தமிழில் சொன்ன பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்துக்குப் போய், திரும்பி வரும்போது வேறொரு ஆளாகியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொன்று, சேமலாப நிதிப் பத்திரத்தில் மூன்றாவது. எழுத்துப் பிழையைத் திருத்துவதற்காகக் கிராம சேவகர், பிரதேச செயலகம், பதிவாளர் என்று நாட்கூலியை விட்டுவிட்டு அலைந்தவர்களைத் தோட்டம்தோறும் பார்க்கலாம். சாதிப் பெயரையும் இழிவான கேலிப் பெயரையும் அப்படியே பதிவில் ஏற்றி, காலமெல்லாம் அதைச் சுமக்க வைத்த கதைகளும் உண்டு.

பெயர் பதிவில் ஏறியது மட்டும் போதவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தவரில் மிகப் பெரும்பாலோரை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கப்படும் என்று விடப்பட்டது. தேசிய அடையாள அட்டை வந்தபோது இலக்கத்தின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. வாக்குரிமை உள்ளவருக்கு ‘வி’, இல்லாதவருக்கு ‘எக்ஸ்’. பல தோட்டத்து வீடுகளில் அந்த ‘எக்ஸ்’ அட்டை இன்னும் தகரப் பெட்டியில் கிடக்கிறது. நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த வரலாற்றைச் சுமந்து வருகிற ஒரு பிள்ளையிடம் ‘உன் உண்மைப் பெயர் என்ன, அட்டையைக் காட்டு’ என்று ஒரு பாட்டுக் குழு கேட்கும்போது, அது வெறும் விதிமுறையாக அந்தப் பிள்ளையின் காதில் விழாது.

அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் அட்மின்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதற்கு உரியவை. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையிலும் ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்ததே தவிர முறை அதேதான். அட்டையில் முகவரியும் இருக்கிறது. ஒரு பெண்பிள்ளையின் வயது, பிறந்த நாள், அவள் இருக்கும் தோட்டம், டிவிஷன் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ரயில் படத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இவ்வளவும் எதற்கு?

பேஸ்புக்கில் கணக்குத் திறக்கும் இடத்தைப் பாருங்கள். முதற் பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி. நம்மிடம் குடும்பப் பெயரே கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போடுவோம், அவ்வளவுதான். பெட்டியை நிரப்ப வேண்டுமே என்று தகப்பன் பெயரையோ புருஷன் பெயரையோ ஊர்ப் பெயரையோ போட்டுத்தான் தமிழர் உள்ளே போகிறார்கள். பேஸ்புக் ஏற்றுக்கொண்ட ‘உண்மைப் பெயரே’ பாதி நாம் இட்டுக்கட்டியது.

தப்பாலில் வந்த நட்பு

பொழுதுபோக்குக்காக முகம் தெரியாதவர்கள் ஒன்றுசேர்வது இணையத்தோடு தொடங்கிய பழக்கம் இல்லை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை உச்சத்தில் இருந்த காலத்தில் தோட்டங்களிலிருந்து தபாலட்டைகள் மூட்டை மூட்டையாகக் கொழும்புக்குப் போகும். நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டுக்கு முன்னால் ஊர்ப் பெயரையும் வரிசையாக ஆட்களின் பெயர்களையும் அறிவிப்பாளர் வாசிப்பார். நான்கு லயத்துக்கு ஒரு ரேடியோ இருந்த நாட்களில், காற்றலையில் தன் பெயர் கேட்டது பலருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே மேடை. செக்ரோலுக்கு வெளியே, ஒரு நல்ல குரலில், பிழையில்லாமல் தன் பெயர் உச்சரிக்கப்பட்டதைக் கேட்ட சந்தோஷம் அது. சொந்தப் பெயரின் அருமையை அந்த மக்களை விட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. ஆகவே, எல்லாரும் மறைந்துதான் வாழ வேண்டும் என்று சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை.

வார இதழ்களில் பேனா நண்பர் பகுதி ஒன்றும் இருந்தது. பெயர், வயது, முழு முகவரி. அதன் கீழே பொழுதுபோக்கு: தபால்தலை சேகரித்தல், வானொலி கேட்டல், பத்திரிகை வாசித்தல். சொந்தப் பெயரையும் முகவரியையும் எவருக்கும் தெரியும்படி அச்சில் போட்ட சமூகம் அது. ஆண்பிள்ளைகளுக்கு அது பெருமை. பெண்பிள்ளைகளின் பாடு வேறு. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்குத்தான் வரும். அங்கிருந்து தப்பால்காரர் கையில் வந்து சேருவதற்குள் யாருக்கு, எங்கிருந்து, என்ன நிற உறை என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். பத்திரிகையில் பெயர் வந்ததற்காக வீட்டில் அடி வாங்கிய பெண்கள் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். அன்றைக்கே தோழியின் பெயரிலும் பூவின் பெயரிலும் எழுதத் தொடங்கிய பெண்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மறைக்க வேண்டிய காரணம்

தமிழ்நாட்டில் துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைந்து வளர்ந்த ஒரு பெண், குடும்பத்துக்கும் ஊருக்கும் தெரியாமல் ‘சல்மா’ என்ற பெயரில் கவிதை எழுதினார். அந்தப் பெயர் இல்லாவிட்டால் தமிழுக்கு அந்தக் கவிதைகளும் இல்லை, ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலும் இல்லை. பிற்பாடு அவர் பேரூராட்சித் தலைவியானார். சொந்த முகத்தோடு உலகம் சுற்றினார். முகத்தைக் காட்டும் நாளை அவரே தீர்மானிக்கும் வரை புனைபெயர் அவரைக் காத்து நின்றது.

ஊவாவில் காரணங்கள் இன்னும் கூட இருக்கின்றன. இலங்கையில் ஒருவர் பெயரைச் சொன்ன உடனேயே அவர் எந்த இனம், எந்த மதம் என்பது வெளிப்பட்டுவிடும். பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் ஐவரில் ஒருவர் என்ற அளவில்கூட இல்லை. 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது பெயர்ப் பலகைகளே வழிகாட்டின. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் புகுந்த கும்பல் தமிழ்க் கைதிகளைக் கொன்றது. அந்த நாட்களைக் கண்ட வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் புத்தி, வெளியே பெயரைச் சொல்லித் திரியாதே என்பதுதான்.

இனத்தோடு முடிந்ததா? தோட்டத்து முகவரி தெரிந்தால் நகரத்துப் பிள்ளைகள் பேசும் விதம் மாறும். கொழும்புக் கடையில் வேலை செய்யும் இளைஞன் கவிதை எழுதுவது முதலாளிக்குத் தெரிந்தால், வேலை நேரத்தில் போனில் இருக்கிறாய் என்பார். எல்லயில் ஹோட்டலில் வேலை செய்கிறவன் ஆறு அசுத்தமாவதைப் படம் எடுத்துப் போட்டால் மறுநாள் வேலை இருக்காது. ஆசிரியை ஒருவர் காதல் கவிதை எழுதினால் பாடசாலையில் என்ன பேச்சு வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தின் கையும் நீளமானது. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதைக்காகக் கைதானார். 2020 மே மாதம் அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளம் கவிஞர், தமிழில் எழுதிய ‘நவரசம்’ என்ற கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆயிற்று, விடுதலை கிடைக்க 2023 டிசம்பர் ஆயிற்று. இருவரும் சொந்தப் பெயரில் எழுதியவர்கள். பொழுதுபோக்காகக் கவிதை எழுதுகிற பிள்ளை இந்தச் செய்திகளைப் படித்துவிட்டுத் தன் பெயரை ஒளித்தால் அதைக் கோழைத்தனம் என்று யார் சொல்ல முடியும்?

இந்த மலைகளில் மறைந்து வந்ததே ஒரு நன்மையாக முடிந்ததும் உண்டு. அத்துமீறல் சட்டத்தைக் காட்டி வெளியாரைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில், பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய்த் தொழிலாளரின் நிலையைப் பார்த்துவந்து எழுதினார். தன் பெயரைச் சொல்லி முன்வாசல் வழியாகப் போயிருந்தால் தோட்டத் துரை அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

திரைக்குப் பின்னால் இருந்து கல் எறிபவர்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புனைபெயரின் நிழலில் நடக்கும் கொடுமைகள் சின்னவை இல்லை. ஒரு பெண் போட்ட படத்தை எடுத்து, அவள் பெயரிலேயே கணக்குத் திறந்து, அசிங்கம் எழுதுகிறார்கள். கவிதைக் குழுவில் பாராட்டுவது போல் உள்பெட்டிக்குள் வந்து, பேச்சு வளர்த்து, பிறகு மிரட்டுகிறார்கள். அடுத்தவர் எடுத்த ஒன்பது வளைவுப் படத்தில் தன் பெயரைப் பொறித்துப் பரிசு வாங்குகிறார்கள். ஒரே ஆள் ஏழு பெயரில் வந்து, தன் கவிதையைத் தானே புகழ்ந்து, பிடிக்காதவரைக் கூட்டமாகத் திட்டுவது போல் காட்டுகிறார். பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய் முறையிடுவது? எதிரே முகமே இல்லை.

இந்தக் கோபத்தில்தான் ‘சொந்தப் பெயர்’ விதி பிறந்தது. 2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றம் நிறைவேற்றி, பெப்ரவரி 1ஆம் திகதி முதல் அமுலுக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் போலிக் கணக்குகளையும் ஆள்மாறாட்டத்தையும் ஒடுக்கவே வந்ததாகச் சொல்லப்பட்டது. பெண்களையும் சிறுவரையும் காக்கும் பகுதிகளை யாரும் எதிர்க்கவில்லை. எது பொய், எது தீங்கு என்று ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கும் அதிகாரத்துக்குத்தான் பத்திரிகையாளரும் சிவில் அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

புனைபெயரால் இன்னொரு நட்டமும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் பழைய மலையக இதழ்களை எண்ணிமப்படுத்தி எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அந்தப் பக்கங்களைப் புரட்டினால் நல்ல கதை, நல்ல கவிதை. கீழே ஒரு புனைபெயர். யார் அது? எந்தத் தோட்டம்? உயிரோடு இருக்கிறாரா? சொல்ல ஆளில்லாத பெயர்கள் பல. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். திரையை இழுத்தவர் சாவியையும் கூடவே கொண்டுபோய்விட்டால் வரலாறு அவரை மறந்துவிடும்.

உலகம் பட்டுத் தெளிந்தது

சொந்தப் பெயரைக் கட்டாயமாக்கினால் தொல்லை ஒழியும் என்று நம்பிய பெரிய நாடு தென்கொரியா. 2007இல் சட்டம் கொண்டுவந்தது; நாளுக்குப் பெருந்தொகையானோர் வரும் தளங்களில் அடையாளத்தை உறுதிசெய்தால்தான் கருத்து எழுதலாம் என்ற நிலை வந்தது. 2011இல் அங்கே இரு பெரிய தளங்களுக்குள் புகுந்த திருடர்கள் மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 2012 ஓகஸ்ட்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்துச் செய்தது. பேச்சுச் சுதந்திரம் சுருங்கியது, எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

பொழுதுபோக்குக் குழுக்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பிளிசார்ட் நிறுவனம். ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டை நடத்தும் இந்த நிறுவனம், விளையாட்டுக்காரர்கள் பேசும் இடத்தில் இனி சொந்தப் பெயர்தான் என்று 2010 ஜூலை தொடக்கத்தில் அறிவித்தது. பெண்களும், வேலையிடத்தில் தெரிந்துவிடுமே என்று அஞ்சியவர்களும் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களுக்குள் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2011இல் கூகிள் பிளஸ் அதே விதியோடு வந்தது. 2014இல் அதைக் கைவிட்டது.

பெயரைக் கட்டாயப்படுத்தாமலேயே ஒழுங்கைக் காத்த இடங்கள் இரண்டைப் பார்ப்போம். முதலாவது, அமெச்சூர் வானொலி. உலகம் முழுக்கப் பொழுதுபோக்காக வானொலி அலைவரிசையில் பேசிக்கொள்பவர்கள் இவர்கள். பரீட்சை எழுதி அனுமதி பெற வேண்டும். அப்போது ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி தரப்படும். இலங்கையில் அது பெரும்பாலும் ‘4எஸ்7’ என்று தொடங்கும். அலையில் அவர் அந்தக் குறிதான். அவருடைய சொந்தப் பெயர் அனுமதி கொடுத்த அதிகாரியிடம் இருக்கிறது. குறியைச் சொல்லாமல் பேசுவது குற்றம். ஒருவர் குறியை இன்னொருவர் பயன்படுத்துவதும் குற்றம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தெற்குக் கரையைத் தாக்கித் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள்தான் அங்கிருந்து செய்தி கொண்டுவந்தார்கள்.

இரண்டாவது, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. அதைக் கட்டி எழுப்பியவர்களில் முதல்வரான இ. மயூரநாதன் இலங்கையர், சொந்தப் பெயரிலேயே எழுதியவர். அவருக்குப் பக்கத்தில் புனைபெயரில் எழுதுகிறவர்களும் உண்டு. இருவர் எழுத்துக்கும் ஒரே அளவுகோல்: சான்று இருக்கிறதா? எந்தப் பெயரில் வந்தாலும் அவர் செய்த ஒவ்வொரு திருத்தமும் அந்தப் பெயரின் கணக்கில் ஏறி, எவரும் பார்க்கும்படி கிடக்கும். புனைபெயரில் எழுதுபவரின் சொந்தப் பெயரை அவர் விருப்பமில்லாமல் வெளியே சொல்வது அங்கே பெரிய குற்றம். பறவை பார்ப்பவர்கள் பயன்படுத்தும் ஈபேர்ட் தளத்திலும் இதே பண்பு உண்டு. கணக்கில் பெயர் கேட்பார்கள். பொதுவெளியில் பெயர் காட்ட வேண்டாம் என்றால் காட்ட மாட்டார்கள். நமுனுகுலையில் ஒரு பறவையைக் கண்டதாக ஒருவர் பதிந்தால், அவர் பெயரை யாரும் துருவுவதில்லை. படம் இருக்கிறதா, நேரமும் இடமும் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியது

கார்மேகத்தின் காலத்துப் பத்திரிகை விதியும் அழைப்புக் குறியும் விக்கிப்பீடியாவும் சொல்வது ஒன்றே. ஆளுக்கு ஒரு பெயர். அது எந்தப் பெயராகவும் இருக்கட்டும். ஆனால் அது நிலைத்து நிற்க வேண்டும். அந்தப் பெயரில் செய்ததற்கெல்லாம் அந்தப் பெயர் பதில் சொல்ல வேண்டும்.

குழு நடத்துபவர்களே, இதை நீங்கள் நாளைக்கே செய்யலாம். சொந்தப் பெயரைக் கேட்பதை நிறுத்துங்கள். அடையாள அட்டையின் படத்தை ஒருபோதும் கேட்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். புதிதாக வருபவருக்கு, குழுவில் உள்ள ஒருவர் ‘எனக்குத் தெரிந்தவர்’ என்று சொன்னால் போதும் என்று வையுங்கள். ஒருவருக்கு ஒரு பெயர்தான். பெயரை மாற்றினால் பழைய பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தவர் படத்தையோ கவிதையையோ தன்னுடையது என்று போட்டவரையும், பெண்களின் உள்பெட்டிக்குள் போய்த் தொல்லை கொடுத்தவரையும் எந்தப் பெயரில் இருந்தாலும் வெளியேற்றுங்கள். புனைபெயருக்குப் பின்னால் இருப்பவரை அம்பலப்படுத்துபவரையும் அதே வேகத்தில் வெளியேற்றுங்கள். குழுவை நடத்துவோரில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். முறையிட வரும் பிள்ளைக்குப் பேச ஓர் அக்கா வேண்டும்.

புனைபெயரில் எழுதுகிற தம்பி தங்கைகளே, உங்கள் பெயரைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. நல்ல பெயராகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒன்று மாற்றாதீர்கள். அந்தப் பெயரை வைத்து யாரையும் ஒளிந்திருந்து அடிக்காதீர்கள். முகத்துக்கு நேரே சொல்லத் துணியாத வசையைப் புனைபெயரில் சொன்னால், அடுத்த நாள் பயந்தபடி எழுத வரும் ஒரு பெண்ணுக்குக் கதவை அடைக்கிறீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம், ஒரு நண்பரிடமோ ஆசிரியரிடமோ, ‘இந்தப் பெயரில் எழுதுவது நான்’ என்று எழுதிக் கொடுத்து வையுங்கள். பயம் போகும் நாள் வரும். அன்று உங்கள் எழுத்து உங்களுடையது என்று நிறுவ அது தேவைப்படும்.

சட்டம் செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆள்மாறாட்டத்தையும் மிரட்டலையும் தண்டியுங்கள்; அதற்குச் சட்டம் இருக்கிறது, இல்லாவிட்டால் திருத்துங்கள். புனைபெயரைக் குற்றமாக்கிவிடாதீர்கள். பிரஜாவுரிமைக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த மக்களிடம், பாட்டுப் பாடவும் அட்டை வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

அரசாங்கத்துப் பதிவேடு பிழையாக எழுதிய பெயர்களுக்கு நடுவே, தான் விரும்பிய ஒரு பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் உரிமை மலையகத்துப் பிள்ளைக்கு உண்டு. தெளிவத்தை ஜோசப் அதைச் செய்து காட்டினார். அந்தப் பெயரில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கடைசி வரை பொறுப்பேற்று நின்றார். அந்தப் பொறுப்பை மட்டும் நம் பிள்ளைகளிடம் கேட்போம். பெயரை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுவோம்.